வால்வு சீல் மறுபடி மறுபடி போகிறதா? சீலை மாற்றுவதா, கைடை மாற்றுவதா

இஞ்சின் வேலை பார்த்து இறக்கிய லாரியில் சில மாதத்திலேயே வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர்) போனால், காரைக்குடிப் பக்கம் பட்டறைக்குப் பட்டறை ஒரு பதில் வரும். சீலை மட்டும் மாற்று, பழைய கைடுக்கு (தண்டு ஏறி இறங்கும் குழாய்) நர்லிங் போடு, கைடையே புதுசாகப் போடு. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

அதற்கு முன்னால், எண்ணெய் எங்கே எரிகிறது என்று பாருங்கள். பெரும்பாலான லாரி டீசலில் பெட்ரோல் வண்டி மாதிரி இன்டேக்கை, அதாவது காற்று உள்ளே வரும் வழியை, அடைத்து ஓட்டுவதில்லை என்பதால் அங்கே சீல் வழியாக எண்ணெயை உறிஞ்சும் வேகம் குறைவு, ஆகவே நீலப் புகை என்றதும் சீல்தான் என்று முடிவு கட்டக்கூடாது. இரவு நிறுத்தி காலையில் கிளப்பும்போதோ, ஆத்தங்குடியில் கல் ஏற்றும் வரை ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போதோ ஒரு முறை குப்பென்று புகைந்து தெளிந்தால் சீல், கைடு பக்கம் சந்தேகம். லோடில் விடாமல் புகைந்து பிரீதரும் (இஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) ஊதினால் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். டர்போவுக்கு அப்புறம் வரும் குழாய் எண்ணெயில் நனைந்திருந்தால் டர்போ.

சரி, சீல் மட்டும் மாற்றுவது மலிவு, பல இஞ்சினில் ஹெட்டைக் கழற்றாமலே முடியும். நைட்ரைல் ரப்பர் சீல் ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்கும், வைட்டான் ரப்பர் 200 வரை போகும், அதனால் வைட்டானுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஆனால் கைடு தேய்ந்து வால்வுத் தண்டு ஆடினால் எந்த ரப்பரின் உதடும் நிற்காது. மாட்டும்போது தண்டின் லாக் பள்ள விளிம்பு உதட்டைக் கீறுவதும் உண்டு, பிளாஸ்டிக் உறை போட்டு இறக்கச் சொல்லுங்கள். சீல் கிழியாமல் கழன்று தண்டோடு மேலே வந்திருந்தால், கைடின் வெளி அளவுக்கு அந்த சீல் சேரவில்லை.

நர்லிங் கைடின் உள்சுவரில் மேடு கிளப்பி இடைவெளியைக் குறைக்கும். மேட்டின் நுனிதான் தண்டைத் தாங்குவதால் சீக்கிரம் தேயும். பாரம் ஏற்றும் வண்டிக்கு வேண்டாம்.

புது கைடு என்றால் ஹெட்டைக் கழற்றி மிஷின் ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும், செலவும் நாளும் கூடும். மறுபடி மறுபடி போவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் தீரும், வேலை சுத்தமாக இருந்தால். கைடு உயரமாக நின்றால் வால்வு முழுசாக இறங்கும்போது ஸ்பிரிங் தட்டு சீலை இடிக்கும். வெளியில் தெரியாத கோளாறு இது, புதுசாக வேலை பார்த்த இஞ்சினிலும் வரும். கைடு மாறினால் மையமும் மாறும் என்பதால் வால்வு உட்காரும் சீட்டையும் மறுபடி வெட்டியாக வேண்டும்.

ஹெட்டைக் கொடுக்கும்போதே தண்டு இடைவெளி, கைடு நிற்கும் உயரம், தட்டுக்கும் சீலுக்கும் உள்ள இடம் மூன்றையும் அளந்து, உங்கள் இஞ்சின் மேனுவல் அளவோடு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளக்காமல் நல்லாயிருக்கு என்று சொல்லும் கடையில் ஹெட்டை விட்டுவிட்டு வராதீர்கள்.