நெட்வொர்க் கருவிகளின் நேரம்: என்டிபியா, பிடிபியா?

ரவுட்டர், சுவிட்ச் போன்றவற்றின் கடிகாரத்தைக் கையால் திருத்தி வைப்பது நிலைக்காது. அது நாளடைவில் விலகிக்கொண்டே போகும். ஆகவே தேர்வு, கடிகாரங்களை நெட்வொர்க் வழியே தானாகச் சரிசெய்யும் இரண்டு நெறிமுறைகளுக்கு இடையில்தான்: 1985 முதல் புழங்கும் என்டிபி (Network Time Protocol), 2002இல் ஐஇஇஇ 1588 தரநிலையாக வந்த பிடிபி (Precision Time Protocol).

துல்லியம்: என்டிபி, இணையத்தின் வழியே பொதுவாகச் சில மில்லிவினாடிகள் முதல் சில பத்து மில்லிவினாடிகள் வரை விலகலாம்.
பிடிபியில், தரவுப் பொதிகள் வந்துபோகும் நேரத்தை வன்பொருளிலேயே குறித்தால், விலகல் ஒரு மைக்ரோவினாடிக்கும் (மில்லிவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே நிற்கும்.

செலவு: என்டிபிக்கு ஏறக்குறைய எதுவுமில்லை.
பிடிபிக்கு அதை ஆதரிக்கும் நெட்வொர்க் அட்டைகள் வேண்டும். அதோடு, வழியில் ஆதரவில்லாத ஒரு சுவிட்ச் இருந்தாலே, அதில் தரவுப் பொதிகள் காத்திருக்கும் நேரம் மாறிக்கொண்டேயிருப்பதால், செலவழித்துப் பெற்ற துல்லியம் குலைந்துவிடும்.

எளிமை: என்டிபிக்கு, நேரம் தரும் சர்வர்களின் முகவரிகளைக் கொடுத்து, அது பயன்படுத்தும் தரவு வாயிலான யுடிபி 123ஆம் போர்ட்டை அனுமதித்தால் போதும். நான்கு சர்வர்களைக் கொடுப்பது நல்லது; ஒன்று தவறான நேரம் சொன்னால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். என்டிபி அனுப்புவது யுடிசி என்ற உலகப் பொது நேரம் மட்டுமே என்பதால், நேர மண்டலத்தைக் கருவியில் தனியே அமைக்க வேண்டும்.
பிடிபிக்குத் திட்டமிடலும் தொடர் கண்காணிப்பும் தேவை.

பதிவுக் கோப்புகளை ஒப்பிடவும், சான்றிதழ்களின் காலாவதியைச் சரிபார்க்கவும் என்டிபி தாராளமாகப் போதும். மொபைல் கோபுரங்கள், மின் துணைநிலையங்கள், நேரலை ஒளிபரப்புக் கூடங்கள் போன்ற இடங்களுக்கே பிடிபி பொருந்தும்.