40ஆம் எண் ஜெர்சி: மைக் ஆல்ஸ்டாட்டின் பெயர் தாங்கிய சட்டை

அமெரிக்கக் கால்பந்தின் பழைய வீரர்கள் அணிந்த மாதிரியிலேயே தைத்து விற்கப்படும் ஜெர்சிகளில், டாம்பா பே பக்கனியர்ஸ் அணியின் மைக் ஆல்ஸ்டாட்டுக்குரிய சிவப்புச் சட்டையை இணையத்தில் வாங்கி, ஓர் ஆட்டப் பருவம் முழுவதும் உடுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

துணி, காற்றுப் புகும் கனத்த வலைத்துணி. எண்ணும் பெயரும் அச்சிடப்படாமல், தனித் துணியில் வெட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. நான்கைந்து சலவைக்குப் பிறகும் சாயம் இறங்கவில்லை. ஆனால் முதுகிலுள்ள சுழியத்தின் உள்வளைவில் நூல் பிரியத் தொடங்கியதால், தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து ஓரம் அடித்து வாங்க வேண்டியதாயிற்று. இந்த விலைக்கு அது நேர்ந்திருக்கக் கூடாது.

காலர் நமக்குச் சற்று அகலம்தான். தோள் கவசத்துக்கு மேல் அணிவதற்கான வெட்டு அது. ஆல்ஸ்டாட்டோ ஏறத்தாழ 112 கிலோ எடையுடன், கழுத்தைச் சுற்றித் தடித்த பட்டையும் கட்டிக்கொண்டு ஆடிய ஃபுல்பேக். ஃபுல்பேக் என்பவர் பெரும்பாலும் பந்துடன் ஓடுபவருக்கு முன்னே சென்று எதிரணியினரை முட்டி வழி திறப்பவர். இவர் அந்த இடத்தில் நின்றே பந்தையும் வாங்கிக்கொண்டு, எல்லைக்கோட்டுக்கு ஓரிரு கஜம் இருக்கையில் மூன்று பேரைச் சேர்த்து இழுத்துச் சென்று விழுவார். ஆட்டக்காலம் முழுவதும் 5,088 கஜ ஓட்டமும் 71 டச் டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது) அப்படிச் சேர்த்தவையே. அதற்கான விலையைக் கழுத்து கொடுத்தது: 2003இல் கழுத்துக் காயத்தால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார், 2004இல் திரும்பி வந்தாலும், அதே கழுத்து 2008 ஜனவரியில் அவரை ஓய்வுபெற வைத்தது.

நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். அவர் ஆடிய பருவங்களில் முதலாவதான 1996இல் மட்டும் அணி ஆரஞ்சு உடையில் ஆடியது. மறு ஆண்டே சிவப்புக்கு மாறியது. அந்த 1997இல்தான் பந்துடன் ஓடும் வீரரான வாரிக் டன் வந்து சேர்ந்தார். அவருடைய முதலெழுத்துகளையும் இவருடைய எண்ணையும் ஒட்டவைத்து, துருப்பிடித்த கீலுக்கு அடிக்கும் எண்ணெயின் பெயரால் ரசிகர்கள் இந்த இணையை ‘டபிள்யூ.டி-40’ என்றழைத்தார்கள். 2003 ஜனவரி 26 அன்று சான் டியேகோவில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியை 48-21 என வென்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில், பக்கனியர்ஸின் முதல் டச் டவுனை ஆல்ஸ்டாட் அடித்ததும் இந்தச் சிவப்பில்தான்.

சட்டையுடன் வந்த அட்டையின் குறிப்பு அந்த வெற்றியோடு முடிந்துவிடுகிறது. 2012இல் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள நார்த்சைட் கிறிஸ்டியன் என்ற சிறிய பள்ளியின் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்து, தன் மகன் உட்பட அங்குள்ள மாணவர்களுக்கு அவர் ஆட்டம் கற்பித்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் இந்தச் சட்டையைத் தேடியதே அந்தப் பயிற்சியாளருக்காகத்தான் என்பதால், சூப்பர் பவுல் தேதிக்குக் கீழே ‘2012, நார்த்சைட்’ என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

வழக்கமாக உடுத்துவதைவிட ஓர் அளவு குறைத்து வாங்குவது நல்லது. சலவை எந்திரத்தில் போடும்போது உட்புறத்தை வெளியே திருப்பிப் போடவும்.