சர்வீஸ் கிளப்ல ரெண்டு வருஷம் வாலண்டியரா இருந்துட்டு எழுதற ரிவ்யூ: சேரலாமா?

ரெண்டு வருஷமா ஒரு சர்வீஸ் கிளப்ல, அதாவது ரோட்டரி, லயன்ஸ் மாதிரி சமூக சேவை செய்யற ஒரு சங்கத்துல, வாலண்டியரா இருக்கேன், சேரலாமா வேணாமான்னு தெரிஞ்சவங்க நெறைய பேர் கேக்கறாங்க, அதனால மனசுல இருக்கறத அப்படியே எழுதிடறேன். தாராளமா சேருங்க, ஆனா விழா நடத்தற கமிட்டில போய் உக்காராதீங்க, விழா முடிஞ்ச அப்புறம் வேலை பாக்கற டீம்ல சேருங்க. கிளப் பேர் சொல்லல, ஏன்னா கொறையும் சொல்லப் போறேன்.

பெரிய ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம் ஆகிக்கற இடம்னு தான் நானும் நெனச்சிட்டு இருந்தேன். ஆரம்பத்துல அப்படித்தான் இருந்திருக்கு, 1905ல சிகாகோல பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல் இன்னும் மூணு பேரோட சேந்து ரோட்டரிய ஆரம்பிச்சப்ப அது தொழில் பண்றவங்க பழகிக்கறதுக்கான சங்கம் தான், சேவை பின்னாடி தான் வந்துச்சு. 1917ல அதே சிகாகோல லயன்ஸ். 1925ல லயன்ஸ் மாநாட்டுக்கு, கண்ணும் தெரியாம காதும் கேக்காம இருந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து பார்வையில்லாதவங்களுக்காக நில்லுங்கன்னு கேட்டாங்க, அன்னைக்கு புடிச்ச கண் சம்பந்தப்பட்ட வேலைய லயன்ஸ்காரங்க இன்னைக்கு வரைக்கும் விடல. ரோட்டரி 1985ல போலியோவ கையில எடுத்துச்சு, அதுவும் இன்னும் ஓடிட்டே இருக்கு. ஒன்ன புடிச்சா வருஷக்கணக்கா விடாம செய்யறது தான் பெரிய விஷயம், நான் எந்த கிளப்புக்கும் அத வெச்சு தான் மார்க் போடுவேன்.

எங்க கிளப்ல எனக்கு ரொம்ப புடிச்சது கண் பரிசோதனை முகாம். டாக்டர் கிட்ட அனுப்பறதுக்கு முன்னாடி எழுத்து சார்ட்ட படிக்க வெச்சு பாக்கறது எங்க வேலை. பாக்க லேசான வேலையா தெரியும், ஆனா கத்துக்க நெறைய இருக்கு. ஒரு கண்ண மூடுங்கன்னு சொன்னா கையால தான் மூடுவாங்க, விரல் சந்து வழியா எழுத்து தெரிஞ்சிடும், இல்லேன்னா அழுத்தி புடிச்சிடுவாங்க, அப்புறம் அந்த கண்ண தொறந்து பாக்கறப்ப கொஞ்ச நேரம் மங்கலாவே இருக்கும், ரெண்டுமே தப்பான ரிசல்ட். அதனால ஒரு அட்டைய குடுத்து மறைக்க சொல்லணும். ஒரு பாட்டி, கிட்ட வெச்சு படிக்கற அட்டைய கைய முழுசா நீட்டி புடிச்சிட்டு ஒன்னும் தெரியலப்பான்னாங்க. +2.50 பவர் கண்ணாடிய போட்டுவிட்டேன். அட்டைய பாக்கவே இல்ல, தன் உள்ளங்கைய திருப்பி திருப்பி பாத்துட்டு இருந்தாங்க. அவங்களுக்கு தேவைப்பட்டது ஒரு சாதாரண ரீடிங் கிளாஸ் தான், இத்தன வருஷமா அது கூட இல்லாம இருந்திருக்காங்க.

இப்ப கொறை. இந்த மாதிரி பெரிய கிளப்புங்கள்ல ஜூலை 1ஆம் தேதி புது வருஷம், தலைவர் செயலாளர் எல்லாம் வருஷா வருஷம் மாறுவாங்க. புதுசா வர்றவங்களுக்கு வாய்ப்பு கெடைக்குது, நல்லது தான், ஆனா எங்க கிளப்ல என்ன ஆச்சுன்னா முகாம்ல கண்புரைன்னு கண்டுபுடிச்சு ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்தவங்க லிஸ்ட் பழைய செயலாளர் நோட்டுலயே தங்கிடுச்சு. அஞ்சு மாசம் யாரும் யாரையும் கூப்பிடல. புது டீம் வேற ப்ராஜெக்ட்ல பிஸி. கடைசில நான் நோட்ட வாங்கி ஒவ்வொருத்தரா கூப்பிட்டப்ப ஒரு பெரியவர் சொன்னார், "நீங்க கூப்பிடறேன்னு சொன்னீங்க தம்பி, அதனால தான் வேற எங்கயும் போகல". எனக்கு பேச்சே வரல. கண்புரைக்கு சொட்டு மருந்து கெடையாது, ஆபரேஷன் ஒன்னு தான் வழி, எங்கள நம்பி அந்த மனுஷன் அஞ்சு மாசம் மங்கலாவே இருந்திருக்காரு. முகாம் போட்டோ மட்டும் அன்னைக்கு சாயங்காலமே எல்லா குரூப்லயும் வந்துடுச்சு.

மீட்டிங்ல இத எழுந்து சொன்னேன், கோவமா தான் சொன்னேன். ஆனா யாரும் முகம் சுளிக்கல, அதுக்காகவே இந்த கிளப்ப விட்டு போக மனசு வரல. இப்ப எல்லாருக்கும் பொதுவா ஒரு ஷீட் இருக்கு, கூப்பிட்ட தேதி, வந்தாரா இல்லையா, வரலேன்னா ஏன். அந்த 'ஏன்'ங்கற எடத்துல தான் விஷயமே இருக்கு. பயம்னு தான் நெனச்சோம், ஆனா எங்க லிஸ்ட்ல அதிகமா வந்த பதில் கூட வர ஆள் இல்லேங்கறது. அதனால இப்ப ஆஸ்பத்திரிக்கு கூட போயிட்டு கூட்டிட்டு வந்து விடறதே ஒரு வாலண்டியர் வேலை ஆயிடுச்சு.

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. போன வருஷம் ஆரம்பிச்ச எந்த வேலை இந்த வருஷமும் நடக்குது? மெம்பர் சந்தா கணக்கும் வெளிய வசூல் பண்ற பணமும் தனித்தனியா இருக்கா? ஜனங்க கிட்ட வாங்கறது முழுக்க சேவைக்கு தான் போகணும், நிர்வாக செலவுக்கு தொடக் கூடாதுங்கறது லயன்ஸ்ல விதியாவே இருக்கு, நல்ல கிளப் எதுவா இருந்தாலும் கணக்க காட்ட தயங்க மாட்டாங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு லயன்ஸ்ல லியோ, ரோட்டரில ரோட்டராக்ட்னு தனி கிளப் இருக்கு, அங்க போங்க.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், அந்த அஞ்சு மாசத்துக்காக ஒன்னு கொறைச்சிட்டேன். அந்த பெரியவருக்கு ஒரு கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு, அடுத்த வாரம் இன்னொன்னு, கூட போறது நான் தான்.