ரூ.6,40,000 கொடுத்து வாங்கிய பழைய பிக் அண்ட் பிளேஸ் மெஷின்: யாரும் என்னைப் போல ஏமாறாதீர்கள்

சேதராப்பட்டில் சின்னதாக ஒரு ஷெட் வைத்து எல்இடி டிரைவர் போர்டும் இன்வெர்ட்டர் கன்ட்ரோல் போர்டும் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். நான்கு பெண்கள் ட்வீசரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரெசிஸ்டராகப் போர்டில் வைப்பார்கள். ஆர்டர் கூடியதால், இந்த வேலையைத் தானே செய்யும் பிக் அண்ட் பிளேஸ் மெஷின் வாங்கலாம் என்று கிளம்பினேன். 6,40,000 ரூபாய் போனது. நேற்று இரவு அதை விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

பழைய இயந்திரங்களை வாங்க, விற்க என்றே இருக்கும் ஒரு இணையதளத்தில் பார்த்தேன். பெயர் போடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஜப்பான் மெஷின், இருபது ஃபீடர் (பாகங்கள் இருக்கும் டேப்பை நகர்த்தி மெஷினுக்கு ஊட்டுவது), மணிக்கு 14,000 பாகம் வைக்கும் என்று விளம்பரம். பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை டிக் வேறு. அவர்கள் சரிபார்த்தது ஜிஎஸ்டி நம்பரை மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

அம்பத்தூரில் ஒரு குடோன். உள்ளே போனதும், "எந்த ஊர் தம்பி?" என்றார் விற்பவர். பாண்டி என்றேன். "அட, நான் பண்ருட்டி!" அவ்வளவுதான், நான் விழுந்த இடம் அது. முந்திரி, பலாப்பழம், கெடிலத்தில் வெள்ளம் வந்த கதை என்று அரை மணி நேரம் பேசினோம். மெஷினைப் பார்த்தது பத்து நிமிஷம். அவருடைய போர்டு, அதன் மேல் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட்டுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். ஓடியது இரண்டே ஃபீடர், இரண்டிலும் பெரிய சைஸ் 0805 ரெசிஸ்டர். டக் டக்கென்று முப்பது பாகம் வரிசையாக உட்கார்ந்தது. "சொந்தத் தம்பிக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறேன்" என்றார்.

என் பையில் என்னுடைய போர்டு இருந்தது. பொடி சைஸ் 0402 கெப்பாசிட்டர் ரீலும் கூடவே இருந்தது. இதை ஓட்டிக் காட்டுங்கள் அண்ணே என்று கேட்டிருக்கலாம். சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வாரே என்று கூச்சப்பட்டு வெளியே எடுக்கவில்லை. இதை நினைத்தால்தான் இன்னும் தூக்கம் வரவில்லை. அன்றைக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ், லாரியில் ஏற்றும் முன் மீதி 5,40,000.

ஹைட்ரா கிரேன் வைத்து இறக்கி, த்ரீ ஃபேஸ் கொடுத்து, எங்கள் ரீலைப் போட்டோம். 0402 என்றால் ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். பாகத்தை உறிஞ்சி எடுக்கும் நாசில் முனையெல்லாம் தேய்ந்திருந்ததால் வேக்குவம் நிற்கவில்லை. பாகம் சாய்ந்து தொங்கும். கேமரா பார்த்துவிட்டுக் குப்பைத் தட்டில் போட்டுவிடும். இருபது ஃபீடரில் டேப்பைச் சரியாக நகர்த்தியவை ஆறு. ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தோம், 900 கூடத் தேறவில்லை. "அண்ணா, நாங்க நாலு பேரும் கையாலயே இதைவிட சீக்கிரம் வெச்சிடுவோம்" என்றது ஒரு பெண். ஆறாம் நாள் மெஷினின் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை.

போன் போட்டேன். முதல் பதில்: "உங்க ஊர் கடல் காத்து, உப்பு தம்பி." சேதராப்பட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று பண்ருட்டிக்காரருக்குத் தெரியாதா? அடுத்தது, உங்கள் கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வருகிறது என்றார். அதையும் நம்பி 38,000 ரூபாய்க்கு ஏர் ட்ரையர் வாங்கினேன். அப்புறம், இன்ஜினியர் திங்கட்கிழமை வருவார். மூன்று திங்கட்கிழமை போனது. சாஃப்ட்வேர் பேக்கப் கேட்டதற்கு, அது தனி, 1,20,000 ஆகும் என்றார். கடைசியில் பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று இருப்பதைக் காட்டினார்.

இணையதளத்துக்கு எழுதினால், நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே என்று ஒரே பதில் நான்கு முறை வந்தது. இங்கே போலீஸில், பணம் கைமாறியது சென்னையில், அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால் இது சிவில் கேஸ். நுகர்வோர் கோர்ட்டும் சந்தேகம்தான். 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை, சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்குத்தான் விலக்கு. நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் வக்கீல். 6,40,000 ரூபாய், ஐயா! ஏர் ட்ரையரைச் சேர்க்காமல்.

நல்ல மெஷினைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உங்கள் போர்டு, உங்கள் ரீல், உங்கள் பேஸ்ட்டோடு போய் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபீடரையும் மாட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் போடும் வேகத்தை நம்பாதீர்கள். இந்த மெஷின்களை அளப்பதற்கென்றே இருக்கும் ஐபிசி-9850 என்ற தர முறைப்படி எவ்வளவு என்று கேளுங்கள், பதில் சொல்லத் திணறினால் எழுந்து வந்துவிடுங்கள். சாஃப்ட்வேர் பேக்கப்பைக் கையில் வாங்காமல், உங்கள் ஷெட்டில் மெஷின் ஓடாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்று காலை அதே தளத்தைத் திறந்தேன். மெஷின் என் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அதன் படம் மட்டும் அங்கே மறுபடி வந்திருக்கிறது. இருபது ஃபீடர் இருபத்து நான்காகியிருக்கிறது. விலை 6,80,000.