தினமும் ஒன்றேயா, நாளுக்கொன்றா?

ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஒரே அட்டவணையில் இருந்தேன். காலை ஆறு மணிக்கு ஜிம், அரை மணி நேரம் டிரெட்மில், அப்புறம் நான்கு மெஷின், வீட்டுக்கு வந்ததும் ஓட்ஸ் கஞ்சி. இப்போது இரண்டு வருடமாக நாளுக்கொரு பயிற்சி, நாளுக்கொரு காலை உணவு. இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்கு இரண்டாவதுதான் ஒத்து வருகிறது.

முதலாவதில் பலமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் யோசிக்க வேண்டியதில்லை, கால் தானாகப் போகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகும், ஆளைப் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம் என்று அதில் கணக்கிட்டார்கள். தினமும் அதே வேளையில் அதையே செய்தவர்களை வைத்துச் சொன்னது அது. செலவைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. ஜிம்முக்குக் கட்டிய பணம் இப்போது ஷட்டில் கோர்ட்டுக்கும் சிறுதானியத்துக்கும் போகிறது.

நான் பக்கம் மாறியதற்குக் காரணம் இடைவெளிதான். ஒருநாள் விடுவதைச் சொல்லவில்லை. ஒருநாள் தவறினால் பெரிதாகக் கெடாது என்று அந்த ஆய்விலேயே இருக்கிறது. பத்து, பன்னிரண்டு நாள் விட்டுப்போகுமே, அதைச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் படுத்துவிட்டேன். தேறி ஜிம்முக்குப் போனால், வழக்கமாகத் தூக்கும் எடையில் பாதிகூட முடியவில்லை. டிரெட்மில்லில் பத்தாவது நிமிடமே மூச்சு வாங்கியது. எல்லா நாளும் ஒரே வேலை என்பதால், இழந்தது எவ்வளவு என்பது முதல் நாளே எண்ணாக முன்னால் வந்து நின்றது. மறுநாளும் அதே மெஷின், அதே எண். நான்காவது நாள் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. ஓட்ஸும் அதோடு நின்றது. மார்கழியில் டப்பாவைத் திறந்தபோது வண்டு ஓடியது.

போன வருடம் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காக ஒன்பது நாள் எல்லாம் நின்றுபோனது. ஊர் திரும்பிய மறுநாள் வியாழன். எனக்கு வியாழன் என்றால் மதுரை வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம்; ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். வழக்கமாக நான்கு சுற்று, அன்று மூன்று நடந்தேன். நடக்க யாருக்கும் பழைய கணக்கு வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஷட்டில். எதிரே ஆள் நிற்கும்போது ஒன்பது நாள் விட்டது நினைவுக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைப் படி ஏறும்போது தொடை வலித்தது; ஆனால் அதற்குள் மூன்று நாள் கடந்துவிட்டிருந்தேன். வாரத்தில் ஏதோ ஒரு நாள் லேசான வேலையாக இருக்கும். திரும்பி வருகிறவருக்கு அந்த ஒருநாள் போதும்.

சாப்பாட்டில் மாற்றம் என்றால் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரே வேளையில் பல வகை இருந்தால் மனிதர் கூடுதலாகச் சாப்பிடுவார் என்பதை உணவுப் பழக்க ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் 1980-களிலேயே ஆய்ந்து காட்டினார். விருந்தில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் இருக்கிறதே, அதுதான். அதனால் என் வீட்டில் வேளைக்கு ஒன்று, நாளுக்கு வேறொன்று. திங்கள் கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். செவ்வாய் முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை. புதன் சாதாரண இட்லி. கேப்பையில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கம்பில் இரும்புச் சத்து. தினமும் ஒன்றையே தின்றால் இரண்டும் சேர்ந்து வராது.

இதில் வேலை கூடுதல்தான். முதல் மாதம் இரண்டு கிலோ கம்பை மில்லில் கொடுத்து மொத்தமாகத் திரித்து வந்தேன். "கம்பை மாவாத் திரிச்சு வைக்காதத்தா, கசந்து போயிரும்" என்றார் அத்தை. ஒரே வாரத்தில் சிக்கு வாடை அடித்தது. கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம், மாவானதும் சீக்கிரம் கெடுகிறது. இப்போது தானியமாகவே வைத்து, வேண்டியதற்கு முதல் நாள் மிக்ஸியில் குருணையாக உடைக்கிறேன். அன்று இரவே காய்ச்சி, ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைக்க இரண்டு நிமிடம்.

இன்னொன்று, நேரத்தை மட்டும் நான் மாற்றுவதில்லை. நடையோ ஷட்டிலோ, காலை ஆறு மணிதான். எந்தக் கிழமை எது என்பதும் சமையலறைக் காலண்டரிலேயே எழுதியிருக்கிறது. இதையும் மனம்போல விட்டிருந்தால் ஓரிரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது சரிவருமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உணவை மாற்ற வேண்டாம். தசை வலுவில் ஜிம் ஒரு படி மேல்தான். வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக ஐந்து கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கி, செவ்வாயும் சனியும் மொட்டை மாடியில் செய்கிறேன். ஆறு மாதம்தான் ஆகிறது. மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது லேசாகியிருக்கிறது.