அறிக்கையில் ஒரு சிவப்புக் கோடு: கிளிநொச்சி ஆய்வுகூடம் ஒன்றின் மலப் பரிசோதனைச் சேவை

மூன்று மாதங்களாக வயிற்றுப் பொருமலும் இளகிய மலமும் தொல்லை தந்தமையால், வைத்தியர் எழுதிய துண்டுடன் கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாக உள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்குச் சென்றேன். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். நான் குறை சொல்லப்போகும் வழக்கம் அவர்களுக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

மாதிரி எடுக்கும் விடயத்தில் அவர்களைப் பாராட்டவே வேண்டும். வாயகன்ற, திருகுமூடிக் குப்பியைத் தந்து, சிறுநீரோ தண்ணீரோ கலக்கக்கூடாது என்பதை வரவேற்பிலிருந்த பிள்ளை, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில், கூச்சமின்றி விளக்கினார். ஒட்டுண்ணிகள் எல்லா நாளும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரிகள் கேட்டார்கள். முறிகண்டிக்கு அப்பாலிருந்து, கச்சான் சரையைப் பொத்திப் பிடிப்பதுபோல் அந்தக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று காலைகள் பஸ் ஏறினேன்.

குறையெல்லாம் அறிக்கையில்தான். 'பிளாஸ்ரோசிஸ்ரிஸ் ஹோமினிஸ் காணப்பட்டது' என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் இரட்டைக் கோடு இழுத்திருந்தார்கள். குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் பெயர் அது. எவ்வளவு காணப்பட்டது என்பதும் இல்லை, வயிற்றோட்டம் தரும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியாவையும் அமீபாவையும் தேடினார்களா என்பதும் இல்லை. போதாததற்கு, தாளை நீட்டியவர், "மெற்றோனிடசோல் ஒரு கிழமை போட்டால் சரி, ஐயா" என்று மருந்தும் சொன்னார்.

அந்தக் கோட்டுக்கு இந்த உயிரி தகுதியானதா என்பது இன்னும் தீராத வழக்கு. 1912இல் பெயர் பெற்ற இதனை நெடுங்காலம் மதுவம் என்றே கருதினார்கள். 1967இல்தான் ஒருகலப் புரோட்டோசோவா என்றார்கள். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளோ இதைக் கடலின் கபில அல்காக்களுக்குத் தூரத்து உறவாக்கிவிட்டன. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோரின் குடலில் இது இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 2014இல் வெளியான ஆய்வொன்றில், செனகல் ஆற்றுப் பகுதியில் பரிசோதித்த 93 பிள்ளைகளிடமும், வயிற்றுக் கோளாறு இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி, இது இருந்தது. ஐரோப்பாவில் குடல் அழற்சி நோயாளரை விட நலமாக உள்ளோரிடமே இது கூடுதலாகத் தென்பட்ட ஆய்வுகளும் உண்டு. மறுபுறம், வேறு காரணம் எதுவும் அகப்படாத நீண்ட வயிற்றோட்டத்தில் இதன்மேல் சந்தேகம் கொள்ளும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். மனிதரிடம் காணப்படும் பல உபவகைகளுள் சில மட்டும் தீங்கு செய்யலாம் என்பது அவர்களது வாதம். சாதாரண நுணுக்குக்காட்டி இந்த உபவகைகளைப் பிரித்துக் காட்டாது. ஆகவே 'காணப்பட்டது' என்ற சொல் நோய்க்குக் காரணம் கண்டாயிற்று என்று பொருள்படாது. அதை ஒரு வரியில் அச்சிட்டுத் தருவதற்கு ஆய்வுகூடத்துக்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?

மெற்றோனிடசோலும் மிட்டாய் அல்ல. வாயில் உலோகக் கசப்பும் குமட்டலும் வரும். குடித்தபின்னும் இவ்வுயிரி போகாமல் நிற்பதுண்டு.

என் வைத்தியர் அறிக்கையைப் பார்த்து, கோட்டைப் பொருட்படுத்தாமல், ஜியார்டியாவையும் அமீபாவையும் பற்றி ஆய்வுகூடத்திடம் தொலைபேசியில் கேட்டு, இரண்டும் இல்லை என்பதை உறுதிசெய்தார். பிறகு நான் என்ன குடிக்கிறேன் என்று விசாரித்தார். நாளுக்கு ஐந்து குவளை பால்மாத் தேநீர் என்றேன். இரண்டு கிழமைக்கு வெறுந்தேநீர் என்றார். பொருமல் பெருமளவு தணிந்துவிட்டது, ஒரு வில்லை கூட விழுங்கவில்லை.

அதே கிணற்று நீரை அருந்தும் என் மனைவிக்கு எந்த முறைப்பாடும் இல்லை. என் பிடிவாதத்துக்காக அவரும் மாதிரி கொடுத்தார். அவருடைய அறிக்கையிலும் அதே வரி, அதே இரட்டைக் கோடு.

மாதிரி கொடுக்க அங்கே தாராளமாகச் செல்லலாம். அறிக்கையை மட்டும் மருந்துக் கடைக்குக் கொண்டுபோகாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மற்ற ஒட்டுண்ணிகள் தேடப்பட்டனவா என்பதையும் கருமபீடத்திலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.