பவர் லென்ஸ் போட்ட டைவிங் மாஸ்க்: சில வருட அனுபவம்

வெளிநாட்டுக்கு டைவிங் போக, சொந்தமாக ஒரே ஒரு பொருள்தான் வாங்குவீர்கள் என்றால் மாஸ்க் வாங்குங்கள். காற்று சிலிண்டர், ஜாக்கெட், மூச்சுவிட வாயில் வைக்கும் ரெகுலேட்டர் எல்லாம் போகிற இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் கண் பவருக்கு மாஸ்க் கிடைப்பதுதான் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

எனக்கு மைனஸ் மூன்றரை. கோவளத்தில் பழகிய காலம் முதல் திருகோணமலை, மாலத்தீவு வரை இதே மாஸ்க்தான். இரண்டு கண்ணாடியும் தனித்தனியாக உள்ள மாடலில் ரெடிமேட் பவர் லென்ஸ் மாட்டலாம். அவை பெரும்பாலும் அரை அரை பவராக வரும், சிதறல் பார்வையைச் சரிசெய்யும் 'சிலிண்டர்' பவர் இருக்காது. எனக்கு அதுவே தாராளம். திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள புறாத்தீவில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்களை வெறும் நிழலாக இல்லாமல் முழுசாகப் பார்க்க முடிகிறதே, அதற்காகவே கொடுத்த காசு தகும்.

கடையில் வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் தண்ணீர் கசியும். நீச்சல் கண்ணாடி இதற்கு மாற்றே ஆகாது. ஆழம் கூடக்கூட மூக்கு வழியாகக் காற்று விட்டு உள்ளே அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும், அதனால் மூக்கும் உள்ளே இருந்தாக வேண்டும்.

புதுக் கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு நன்றாகத் தேய்த்த பிறகுதான் ஆவி படிவது குறைந்தது. இப்போது ஒவ்வொரு டைவுக்கு முன்பும் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவி அலசுகிறேன், போதும். விளிம்பு சிலிக்கான் மட்டும் லேசாக மஞ்சளாகிவிட்டது, ஆனால் இறுக்கம் குறையவில்லை. சென்னை வெயிலில் காருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

விமானத்தில் மாஸ்க்கைக் கெட்டியான டப்பாவில் போட்டு கைப்பையில் வையுங்கள். டைவ் டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் போகவேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை.

டிக்கெட் போடும்போதே ஒன்றைக் கணக்கில் வையுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் நான் மாஸ்க்கை நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைத்துவிடுவேன். ஈரத்தோடு மூடிவைத்தால் சிலிக்கானில் கரும்புள்ளி பிடிக்கும், அப்புறம் அது எளிதில் போகாது.